முதல் கேள்விக்கு எல்லோரும் தயார், இரண்டாவது கேள்விக்கு?

வேலை நேர்காணலில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வியில் யாரும் அவ்வளவாகத் தடுக்கி விழுவதில்லை. பத்து முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். விழுவது அதற்கு அடுத்த கேள்வியில். "நான் நல்ல டீம் பிளேயர் சார்" என்று ஒருவர் சொல்கிறார். "சரி, கடைசியாக டீமில் யாரோடு முட்டிக்கொண்டீர்கள், அது எப்படி முடிந்தது?" என்று எச்ஆர் கேட்கிறார். அங்கே ஒப்பித்தல் நின்றுபோகும், கண் மேலே போகும், "ஆக்சுவலி சார்..." என்று இழுவை தொடங்கும்.

யூடியூபிலும் சீனியர்களிடமும் கிடைக்கும் தயார் பதில்கள் எல்லாம் முதல் கேள்வியோடு தீர்ந்துவிடுகிற சரக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த வாரத்தில் அதே பதிலை நாற்பது பேரிடம் கேட்டிருப்பார். அவர் முதல் கேள்வி கேட்பது பேச்சைத் தொடங்க. உங்களை எடைபோடுவது அதற்கடுத்து வரும் "ஏன்?", "எப்படி?", "நீங்கள் என்ன செய்தீர்கள்?" ஆகியவற்றில். ஆகவே ஒவ்வொரு பதிலையும் தயாரிக்கும்போது அதன் வாலாக வரக்கூடிய இரண்டு கேள்விகளையும் சேர்த்தே தயாரிக்க வேண்டும். கீழே உள்ளது முழுக்க அந்த வேலைக்கான வழிமுறை. கேம்பஸுக்குக் காத்திருக்கும் இறுதியாண்டு மாணவர்கள், டிப்ளமோ முடித்து ஓசூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், ஓரிரு ஆண்டு அனுபவத்தோடு வேறு கம்பெனி தேடுகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது.

ரெஸ்யூமேதான் கேள்வித்தாள்

ஃப்ரெஷர் நேர்காணலில் கேள்விகளில் பெரும்பங்கு உங்கள் ரெஸ்யூமேயிலிருந்துதான் வரும். கேள்வித்தாளை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று கேள்விகளைப் பென்சிலால் எழுதுங்கள். "பைத்தான்" என்று போட்டிருந்தால்: எதற்குப் பயன்படுத்தினீர்கள்? லிஸ்டுக்கும் டியூப்பிளுக்கும் என்ன வித்தியாசம்? எழுதியதிலேயே பெரிய புரோகிராம் எது? மூன்றில் இரண்டுக்குப் பதில் வரவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். சீனியரின் ரெஸ்யூமேயை நகலெடுத்து அதில் பெயரை மட்டும் மாற்றியவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான். "ஆர்வம்: செஸ்" என்று எழுதியவரிடம் "காசிலிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) எப்போது கூடாது?" என்று கேட்பவர்களும் உண்டு.

டிப்ளமோ முடித்தவர்களுக்கும் இதே கணக்குதான். "குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் தெரியும்" என்று எழுதினால், வழக்கமான வெர்னியர் கேலிப்பரின் லீஸ்ட் கவுண்ட் (அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு) 0.02 மில்லிமீட்டர், மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் 0.01 மில்லிமீட்டர் என்பது நாக்கு நுனியில் இருக்க வேண்டும். அதோடு நின்றுவிடக் கூடாது. 12.37 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாகத்தை எதில் அளப்பீர்கள், ஏன் என்பது இரண்டாவது கேள்வி.

பிறகு வேலை அறிவிப்பை எடுங்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை வட்டமிடுங்கள். "வாடிக்கையாளர்", "ஷிஃப்ட்", "எக்ஸெல்", "டெஸ்டிங்" என்று நாலைந்து தேறும். அவர்கள் தேடுவது அதைத்தான். உங்கள் சம்பவங்களில் எது அந்தச் சொல்லுக்குப் பொருந்தும் என்று பக்கத்தில் குறியுங்கள்.

கையிருப்பாக ஏழு சம்பவங்கள்

ஐம்பது கேள்விகளுக்கு ஐம்பது பதில் எழுதி மனப்பாடம் செய்வது வீண் வேலை. ஏழு சம்பவங்கள் போதும், அவற்றைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தலாம். எடுத்து முடித்த ஒரு வேலை, சொதப்பிய ஒன்று, யாரோடாவது வந்த கருத்து வேறுபாடு, அவசரமாகக் கற்றுக்கொண்ட ஒன்று, நேரம் போதாமல் திண்டாடியது, யாரும் சொல்லாமல் நீங்களாகச் செய்தது, அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தது அல்லது உதவியது.

"எனக்கு அப்படி ஒன்றுமே நடக்கவில்லை" என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஆபீசில் நடந்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. என்எஸ்எஸ் ஏழு நாள் முகாமில் சாப்பாட்டுப் பொறுப்பு, ஹாஸ்டல் மெஸ் கமிட்டி, சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் பிடித்தது, வீட்டு மளிகைக் கடையில் கடன் நோட்டை எக்ஸெலுக்கு மாற்றியது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, விடுமுறையில் டெலிவரி வேலை பார்த்தது, எல்லாமே செல்லும். சொல்லப்போனால் கடை நோட்டு கதை, "லீடர்ஷிப் குவாலிட்டி இருக்கிறது" என்ற வெற்றுச் சொல்லைவிட எச்ஆர் காதில் நன்றாக விழும்.

ஒவ்வொரு சம்பவத்தையும் நான்கு வரியில் எழுதுங்கள்: என்ன நிலைமை, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, கடைசியில் என்ன ஆனது. மூன்றாவது வரிதான் நீளமாக இருக்க வேண்டும். பெரும்பாலானோர் முதல் வரியிலேயே முக்கால்வாசி நேரத்தைத் தின்றுவிட்டு, "அப்புறம் நல்லபடியா முடிஞ்சுது சார்" என்று முடிப்பார்கள். இன்னொரு பழக்கமும் உண்டு: எல்லாவற்றையும் "நாங்கள்" என்றே சொல்வது. தமிழில் அது அடக்கம். நேர்காணலில், உங்கள் பங்கு என்ன என்பதே தெரியாமல் போய்விடும். "நாங்கள் நான்கு பேர், அதில் பணம் வசூலிப்பதும் கணக்கும் என் வேலை" என்று ஒருமுறை பிரித்துச் சொல்லிவிட்டால், பிறகு "நான்" என்று பேசுவது தற்பெருமையாகத் தெரியாது.

எண் இருந்தால் போடுங்கள். "நிறைய பேர் வந்தார்கள்" என்பதைவிட "120 பேருக்குச் சமைக்கச் சொன்னோம், 160 பேர் வந்துவிட்டார்கள்" என்பது கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். ஆனால் அந்த எண் உண்மையாக இருக்கட்டும். "160 பேர் என்று எப்படித் தெரியும்?" என்பதுதான் அடுத்த கேள்வி.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்"

60 முதல் 90 விநாடி. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் ஏறத்தாழ 150 சொற்கள். அதற்குமேல் போனால் எதிரே இருப்பவர் ரெஸ்யூமேயைப் புரட்டத் தொடங்குவார். அதுவே நிறுத்தச் சொல்லும் அடையாளம்.

வழக்கமாக நடப்பது: "மைசெல்ஃப் இன்னார், ஃப்ரம் தர்மபுரி, மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை மதர் இஸ் எ ஹோம்மேக்கர், ஐ ஹேவ் ஒன் யங்கர் சிஸ்டர்..." இதில் வேலைக்குத் தேவையான செய்தி ஒன்றுகூட இல்லை. "மைசெல்ஃப்" என்று தொடங்குவது ஆங்கில வழக்கும் இல்லை. "ஐ ஆம்" போதும். குடும்பத்தைச் சொல்வதில் தவறில்லை, சில எச்ஆர் அதைத் தனியாகவே கேட்பார்கள். அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று அடுக்காக வையுங்கள். இப்போது யார்: படிப்பு, கல்லூரி, பிரிவு ஒரே வாக்கியத்தில். இதுவரை செய்ததில் இந்த வேலைக்குத் தொடர்புள்ள இரண்டு. கடைசியாக, இந்த வேலை ஏன். அவ்வளவுதான். ஒரு மாதிரி:

"ஈரோட்டில் ஈசிஇ இறுதியாண்டு படிக்கிறேன். இறுதியாண்டு பிராஜெக்டில் சொட்டுநீர்ப் பாசன மோட்டாரை மண் ஈரத்தைப் பார்த்து இயக்கும் கருவி செய்தோம்; புரோகிராம் எழுதுவதும் சோதிப்பதும் என் பங்கு. சோதிக்கும்போது வந்த தவறுகளைத் தேடிப் பிடிப்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம் என்று அப்போது தெரிந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் அடிப்படைகளைப் படித்தேன், கல்லூரி இணையதளத்துக்கு 40 டெஸ்ட் கேஸ் எழுதினேன். உங்கள் அறிவிப்பில் இருந்தது டெஸ்டிங் பயிற்சியாளர் பணி, அதனால் விண்ணப்பித்தேன்."

இந்தப் பதிலில் மூன்று கொக்கிகள் இருக்கின்றன: மோட்டார் கருவி, "தவறுகளைத் தேடிப் பிடிப்பது", 40 டெஸ்ட் கேஸ். அடுத்த கேள்வி இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துத்தான் வரும். நீங்கள் தயாரித்த இடத்துக்கு அவரை நீங்களே அழைத்து வருகிறீர்கள். கொக்கி இல்லாத பதில் சொன்னால் அவர் தன் இஷ்டத்துக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்பார்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்கு

இலக்கணப் பிழையைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் வரிசையில் இருக்கிறது. தமிழில் நாம் காரணத்தையெல்லாம் முதலில் அடுக்கிவிட்டு, "அதனால்தான்" என்று கடைசியில் விஷயத்துக்கு வருவோம். வினைச்சொல்லும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. அதே வரிசையில் ஆங்கிலத்தில் பேசினால், கேட்பவருக்குப் பதில் இன்னும் வரவில்லை என்றே தோன்றிக்கொண்டிருக்கும். பாதியில் அவர் குறுக்கிட்டுவிட்டால் பதில் போயே போய்விடும்.

எனவே முதல் வாக்கியத்திலேயே விடை. "இரவு ஷிஃப்ட் பார்ப்பீர்களா?" என்றால் "பார்ப்பேன்" முதலில், காரணம் பிறகு. "எந்தப் பாடம் பிடிக்கும்?" என்றால் பாடத்தின் பெயர் முதலில். இதைத் தமிழிலேயே பழகிப் பார்க்கலாம், வீட்டில் யார் எது கேட்டாலும் ஒரு வாரம் விடையை முதலில் சொல்லிப் பாருங்கள். வீட்டார் கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

சின்ன வாக்கியங்கள் போதும். எட்டுப் பத்துச் சொற்களுக்குள் முடியும் வாக்கியத்தில் பிழை வர இடம் குறைவு. சொல் வரவில்லை என்றால் இரண்டு விநாடி நிறுத்துங்கள். பேசுகிறவருக்கு அந்த மௌனம் இரண்டு நிமிடம் போலிருக்கும், கேட்கிறவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. "ஆக்சுவலி", "பேஸிக்கலி", "லைக்" என்று அந்த இடத்தை நிரப்பினால்தான் காதில் உறுத்தும். உள்ளூர்த் தொழிற்சாலைகளில் தமிழிலேயே நேர்காணல் நடப்பதும் உண்டு. அங்கே வலிந்து ஆங்கிலம் பேச வேண்டாம், அவர் எந்த மொழியில் கேட்கிறாரோ அதில் பதில்.

பிராஜெக்ட்: பெரும்பாலானோர் மாட்டும் இடம்

டெக்னிக்கல் ரவுண்டில் அதிக நேரம் போவது இதில்தான். நான்கு பேர் சேர்ந்து செய்த பிராஜெக்டை நால்வரும் தனித்தனியாக ஒரே மாதிரி விவரித்தால், நால்வரில் யார் செய்தது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதும் அப்படியே. வாங்கிவிட்டீர்களா, நேர்காணலுக்கு முன் அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுங்கள். புரோகிராமை முழுவதுமாக அழித்துவிட்டு ஒரு பகுதியையாவது சொந்தமாக எழுதுங்கள். அதற்கு ஒரு வார மாலைகள் போதும், அதன்பின் நீங்கள் சொல்வது பொய்யும் இல்லை.

மேலே சொன்ன பாசனக் கருவியையே எடுத்துக்கொள்வோம். "மண் ஈரப்பத சென்சார் மதிப்பைப் படித்து, அர்டுயினோ (புரோகிராம் ஏற்றும் சின்ன போர்டு) ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இயக்கி மோட்டாரை ஓட வைக்கும்" என்பது முதல் பதில். எல்லோரும் சொல்வது. இதற்குப் பின்னால் வரக்கூடியவை: இரண்டு முள் கொண்ட ரெசிஸ்டிவ் சென்சாரா, கெபாசிட்டிவ் சென்சாரா, ஏன்? (முள் வகையில் மின்சாரம் ஈர மண் வழியே பாய்வதால் முள் அரித்துப்போகும், அளவு மாறிவிடும், கெபாசிட்டிவ் வகையில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை.) 0 முதல் 1023 வரை வரும் மதிப்பில் எந்த எண்ணுக்கு மோட்டார் ஓட வேண்டும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? (காய்ந்த மண்ணிலும் நீர் ஊற்றிய மண்ணிலும் அளந்து பார்த்தோம் என்பது பதில். "இணையத்தில் இருந்தது" என்பது பதில் இல்லை.) எல்லைக் கோட்டில் மதிப்பு தள்ளாடினால் மோட்டார் நிமிடத்துக்குப் பத்து முறை ஓடி நிற்காதா? (ஓட ஓர் எண், நிற்க வேறோர் எண் என்று இடைவெளி விட வேண்டும்.) மோட்டார் தொடங்கும்போது போர்டு ரீசெட் ஆனதா? (ஒரே சப்ளையில் இரண்டையும் இணைத்திருந்தால் வோல்டேஜ் சரிந்து பெரும்பாலும் ஆகியிருக்கும். மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுத்தோம் என்று சொன்னால், செய்தவர் என்று தெரிந்துவிடும்.)

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். வேலை செய்யாமல் போன கதைதான் சொந்த வேலைக்குச் சாட்சி. எல்லாம் முதல் தடவையே ஓடியது என்று சொல்கிறவரை யாரும் நம்புவதில்லை. ஆகவே பிராஜெக்ட் தயாரிப்பில் "என்ன உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், என்ன மாற்றினோம்" என்பதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிளாக் டயகிராமை ஒரு நிமிடத்துக்குள் வெள்ளைத் தாளில் வரைந்து பழகுங்கள். பலர் பேசுவதைவிட வரைந்து காட்டும்போது தெளிவாக விளக்குகிறார்கள், "வரைந்து காட்டட்டுமா?" என்று நீங்களே கேட்கலாம்.

பலம், பலவீனம், ஐந்தாண்டுக் கனவு

பலத்துக்கு ஒரு சொல், ஒரு சம்பவம். அதோடு நிறுத்துங்கள். பலவீனத்தில் "நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்" என்பதும் "அதிகமாக உழைத்துவிடுவேன்" என்பதும் செத்துப்போன பதில்கள். உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள், ஆனால் அந்த வேலையின் உயிர்நாடியாக இருப்பதைச் சொல்லாதீர்கள். கணக்கு வேலைக்குப் போய் "கவனக்குறைவு" என்று சொன்னால் நேர்காணல் அங்கேயே முடிந்தது. "கூட்டத்தில் பேசத் தயங்குவேன். அதனால் இந்த செமஸ்டரில் மூன்று செமினார் நானாகக் கேட்டு எடுத்தேன். முதலாவதில் ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன், மூன்றாவதில் பதினைந்து நிமிடம் பேசினேன்." இப்படிச் சொன்னால் அடுத்த கேள்விக்கும் விடை உள்ளேயே இருக்கிறது.

ஐந்தாண்டு கழித்து எங்கே இருப்பீர்கள் என்ற கேள்வியை ஃப்ரெஷரிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான்: பயிற்சி கொடுத்த பிறகு ஓடிவிடுவாரா? "எம்பிஏ படிக்கப் போவேன்", "யூபிஎஸ்சி எழுதுகிறேன்" என்பதெல்லாம் உங்கள் மனத்தில் இருக்கலாம், இங்கே அவிழ்க்க வேண்டிய மூட்டை இல்லை. நேரடியாகக் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள்.

"மெக்கானிக்கல் படித்துவிட்டு ஏன் ஐடி?"

தமிழ்நாட்டில் மெக்கானிக்கல், சிவில், ஈஈஈ முடித்த ஆயிரக்கணக்கானோர் சந்திக்கும் கேள்வி. "கோரில் (படித்த துறையில்) வேலை இல்லை சார்" என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது, வேறு வழியில்லாமல் உங்களிடம் வந்தேன் என்று சொல்வதுபோல. "ஐடிதான் என் கனவு" என்றால், நான்கு வருடம் ஏன் மெக்கானிக்கல் படித்தீர்கள் என்று வரும்.

இடையில் ஒரு பாலம் வேண்டும், அது நீங்கள் உண்மையில் நடந்த பாலமாக இருக்க வேண்டும். கேட் (கணினியில் பாகங்களை வரையும் மென்பொருள்) மாடலிங்கில் ஒரே வேலையைத் திரும்பச் செய்ய அலுத்து ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்தது, ஆய்வக அளவீடுகளை எக்ஸெல் மேக்ரோவில் போட்டது, முதலாண்டு சி புரோகிராமிங் பிடித்துத் தொடர்ந்து படித்தது, இப்படி ஏதாவது. அப்படி ஒன்றுமே இல்லை என்றால், இன்று தொடங்கி ஒரு மாதத்தில் உருவாக்கிக்கொள்ளலாம். சின்ன புரோகிராம் இரண்டு போதும். பிறகு வரும் கேள்வி நிச்சயம்: "அடுத்த மாதம் கோர் கம்பெனியில் வேலை கிடைத்தால் போய்விடுவீர்களா?" முகத்தில் தயக்கம் தெரியாமல் "போக மாட்டேன்" என்று சொல்ல முடியுமா என்பதை அறைக்குள் போவதற்கு முன் உங்களுக்கு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"ஏன் எங்கள் கம்பெனி?" என்பதற்கும் இதே விதிதான். "உலகளாவிய புகழ்பெற்ற நிறுவனம்" என்பதை எந்தக் கம்பெனிக்கும் சொல்லலாம், அதனால் அது எந்தக் கம்பெனிக்கும் பதில் இல்லை. அவர்கள் இணையதளத்தில் அரை மணி நேரம் செலவழித்து, என்ன தயாரிக்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், எந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்ற மூன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அங்கே வேலை பார்க்கும் உங்கள் கல்லூரி சீனியர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். இணையதளத்தில் இல்லாதது அங்கேதான் கிடைக்கும்.

அரியர், இடைவெளி, குறைந்த மதிப்பெண்

சுருக்கமாகச் சொல்லுங்கள்: நடந்தது ஒரு வாக்கியம், காரணம் ஒரு வாக்கியம், சரிசெய்தது ஒரு வாக்கியம். "மூன்றாம் செமஸ்டரில் இரண்டு அரியர். கணக்கு அடிப்படை பலவீனமாக இருந்தது. நான்காம் செமஸ்டரில் இரண்டையும் முடித்தேன், அதன்பின் அரியர் இல்லை." ஆசிரியரையோ பேப்பர் திருத்தியவரையோ குறை சொன்னால் பதில் கெட்டுவிடும். நிற்கும் அரியரை மறைக்காதீர்கள், சேரும்போது மார்க் ஷீட் எல்லாம் பார்ப்பார்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60% கேட்கும் கம்பெனிகள் உண்டு, அந்தத் தகுதி இல்லையென்றால் அறிவிப்பிலேயே பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்கு நேரத்தைச் செலவிடுங்கள்.

வேலை மாறுகிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. நான்கு மாதம் பார்த்துவிட்டு விட்ட வேலையை ரெஸ்யூமேயில் மறைத்தால், அங்கே பிஎஃப் பிடித்திருந்தால் யுஏஎன் எண்ணில் (எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத பிஎஃப் எண்) அது பதிவாகியிருக்கும். பின்னணிச் சோதனையில் வெளியே வந்தால் கையில் இருக்கும் ஆஃபரும் போகும். நான்கு மாதம் பார்த்தேன், இன்ன காரணத்தால் விட்டேன் என்று சொல்வது அதைவிட எளிது. பழைய மேலாளரைத் திட்டாதீர்கள். நோட்டீஸ் பீரியட் 30 நாளா, 60 நாளா, 90 நாளா என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டு போங்கள். "பேசிக் குறைச்சுக்கலாம் சார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு முடியாமல் போனவர்கள் நிறைய.

சம்பளம்

கேம்பஸில் பொதுவாகப் பேரம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே தொகை. வெளியே விண்ணப்பிப்பவர்களிடம்தான் "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று வரும். இதற்குத் தயாராக, சிடிசிக்கும் (உங்களுக்காகக் கம்பெனி ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) கைக்கு வருவதற்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஆண்டுக்கு 3,60,000 சிடிசி என்றால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். ஓர் உதாரணக் கணக்கு: அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பிஎஃப் 12%, அதாவது 1,800, அந்த 30,000-க்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்குவது சுமார் 720. வேரியபிள் பே (வேலைத் திறனைப் பொறுத்துத் தருவது) 10% என்றால் 3,000, அது மாதாமாதம் வராது. குழுக் காப்பீட்டுக்கு 500 என்று வைப்போம். மிச்சம் 23,980. இதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 1,800 பிடித்தால் 22,180. தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாகப் போகும். கம்பெனிக்குக் கம்பெனி பிரிவுகள் மாறும், ஆனால் இந்த வடிவம் மாறாது.

எனவே எதிர்பார்ப்பைச் சொல்லும்போது எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்: "ஆண்டுக்கு நிலையான சம்பளம் இவ்வளவு முதல் இவ்வளவு வரை." ஒற்றை எண்ணுக்குப் பதில் சிறு இடைவெளி விடுங்கள், கீழ் எல்லை நீங்கள் உண்மையிலேயே ஏற்றுக்கொள்ளும் தொகையாக இருக்கட்டும், ஏனென்றால் பெரும்பாலும் அதைத்தான் கொடுப்பார்கள். "நீங்க பார்த்துக் குடுங்க சார்" என்பது பணிவாகத் தோன்றினாலும், தயாராகாமல் வந்தவர் என்றுதான் படும்.

பாண்ட் (இத்தனை மாதத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) பற்றிக் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். எத்தனை மாதம், எவ்வளவு தொகை, எப்போதிலிருந்து கணக்கு என்று மூன்றைக் கேளுங்கள். "பாண்டெல்லாம் கோர்ட்டில் செல்லாது" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். 2025-இல் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டுவது வேறு, கொடுத்துவிட்டு வருவது வேறு, இரண்டாவதைச் செய்யாதீர்கள். வேலை தரப் பணம் கேட்டால் அது வேலையே இல்லை.

கல்யாணம் எப்போது?

பெண்களிடம் இன்னும் கேட்கிறார்கள். ஆள் எடுப்பதில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அறைக்குள் சட்டம் பேசினால் சூடு கிளம்பும். கேள்விக்குப் பின்னால் இருப்பது "நீடிப்பீர்களா?" என்ற சந்தேகம். அதற்கு மட்டும் பதில் சொல்லலாம்: "சொந்த முடிவுகள் எதுவாக இருந்தாலும் வேலையைத் தொடர்வதுதான் என் திட்டம். ஷிஃப்ட், இட மாற்றம் பற்றி உங்களுக்கு என்ன தேவை என்று சொல்லுங்கள்." மேலும் மேலும் துருவினால், இந்த அறையிலேயே இப்படி என்றால் உள்ளே எப்படி என்று நீங்களும் அவர்களை எடைபோடலாம்.

தெரியாத கேள்வி வந்தால்

வரும். எல்லை எது என்று பார்க்கவே சிலர் கடினமாக்கிக்கொண்டு போவார்கள். "தெரியாது" என்று மட்டும் சொன்னால் கதவு மூடிவிடும், கதை விட்டால் இன்னும் மோசம். தெரிந்த கரை வரை நடந்து காட்டுங்கள்: "டேட்டாபேஸில் இன்டெக்ஸ் தேடலை வேகமாக்கும் என்று தெரியும், உள்ளே எப்படி அடுக்கி வைக்கிறது என்று படித்ததில்லை. புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போல இருக்கும் என்று நினைக்கிறேன்." இப்படிச் சொன்னவருக்குக் கேள்வி கேட்டவரே குறிப்புக் கொடுத்து அழைத்துச் செல்வதுண்டு. இரண்டு கேள்விகளுக்கு இப்படிச் சொல்லலாம். ஐந்தாவது முறையும் இதையே சொன்னால் படிக்காமல் வந்தவர் என்றே தெரியும்.

ஒத்திகை

கண்ணாடி முன் பேசுவதில் பயன் குறைவு, முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். பதிலை முழு வாக்கியமாக எழுதாதீர்கள், ஒரு பதிலுக்கு ஐந்து சொற்கள் கொண்ட துண்டுச் சீட்டு. அதைப் பார்த்து மூன்று முறை பேசுங்கள், ஒவ்வொரு முறையும் வாக்கியங்கள் வேறாக வர வேண்டும். மூன்றும் ஒன்றுபோல வந்தால் மனப்பாடம் ஆகிவிட்டது, நடுவில் ஒருவர் குறுக்கிட்டால் தொலைந்தது. கேட்டுப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: 90 விநாடியைத் தாண்டியதா, விடை முதல் வாக்கியத்தில் இருக்கிறதா, "ஆக்சுவலி" எத்தனை.

ஐந்து மாலைகள் இருந்தால் முதல் மாலை ரெஸ்யூமேயும் வேலை அறிவிப்பும், இரண்டாவது ஏழு சம்பவங்கள், மூன்றாவது பிராஜெக்ட், நான்காவது பதிவு செய்து கேட்பது. ஐந்தாவது மாலை ஒரு நண்பரைக் கூப்பிட்டு, உங்கள் ஒவ்வொரு பதிலுக்கும் "ஏன்?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். நண்பருக்கு எந்தத் தயாரிப்பும் வேண்டாம். மூன்று "ஏன்" தாங்குகிற பதில் தேறிவிட்டது.

வீடியோ நேர்காணல் என்றால் கேமரா கண் மட்டத்தில், வெளிச்சம் முன்னாலிருந்து, கைபேசியைப் புத்தகங்களில் சாய்த்தாவது அசையாமல் வைத்து. திரையில் தெரியும் பெயர் தம்பியின் கேமிங் பெயராக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் பதிலை ஓட்டி வாசித்தால் கண்கள் இடமிருந்து வலமாக நகர்வது எதிரே அப்பட்டமாகத் தெரியும்.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பதற்கு "இல்லை சார்" என்று எழுந்துவிடாதீர்கள். பயிற்சி எத்தனை வாரம், அதன் முடிவில் தேர்வு உண்டா, தேறாவிட்டால் என்ன ஆகும், முதல் ஆறு மாதத்தில் இந்த வேலையில் வந்தவர் என்ன செய்திருந்தால் நன்றாகச் செய்கிறார் என்பீர்கள், இவற்றில் இரண்டு போதும். விடுப்பு எத்தனை நாள் என்பதை ஆஃபர் வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

வெளியே வந்ததும், பஸ் ஏறுவதற்கு முன், கேட்ட கேள்விகள் அத்தனையையும் வரிசையாகக் கைபேசியில் எழுதுங்கள். ஒரு மணி நேரம் போனால் பாதி மறந்துவிடும். எந்தப் பதிலுக்குப் பிறகு இரண்டாவது கேள்வி வந்தது, எங்கே தடுமாறினீர்கள் என்பதைத் தனியாகக் குறியுங்கள். அடுத்த கம்பெனிக்குப் படிக்க வேண்டியது அந்தப் பட்டியலில் இருக்கிறது.